நாய்க்குட்டி 'ஸ்டார்டர் கிட்': எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்

புதிதாகக் குட்டி வந்த வீட்டார் பெட் ஷாப்புக்குள் நுழைந்ததும் மேஜைக்கு வருவது இந்தப் பெட்டிதான். கழுத்துப்பட்டை, கயிறு, தட்டு, பால் பவுடர், பால்புட்டி, சாப்பாட்டுப் பாக்கெட் ஒன்று, கால்சியம் சிரப், ஷாம்பு, வாசனைப் பவுடர், உண்ணிப் பவுடர், கம்பிச் சீப்பு, நகவெட்டி, கடிக்க ஒரு எலும்பு. கடைக்குக் கடை பிராண்டும் விலையும் மாறும், உள்ளே இருப்பது பெரிதாக மாறுவதில்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் பெட்டியை மட்டும் எடைபோடாமல், பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எட்டு வாரம் ஆன, மூன்று நான்கு கிலோ எடையுள்ள ஒரு குட்டிக்குப் பொருந்துமா என்று பார்ப்போம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, லாப்ரடார், தெருவில் இருந்து எடுத்து வந்த நாட்டுக்குட்டி எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

எட்டு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. அந்த வயதில் குட்டி பால் மறந்திருக்கும், தட்டில் தானே சாப்பிடும். அப்படியென்றால் பெட்டியில் பால் பவுடரும் பால்புட்டியும் எதற்கு? முப்பது, முப்பத்தைந்து நாளிலேயே குட்டி கைமாறுகிறது என்பதற்கு அந்தப் புட்டியே சாட்சி. உங்கள் குட்டிக்குப் புட்டி தேவைப்படுகிறது என்றால், தாயிடம் இருந்து அதைச் சீக்கிரம் பிரித்துவிட்டார்கள் என்று பொருள். முடிந்தால் இன்னும் சில வாரம் தாயோடு விட்டுவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

தாயில்லாக் குட்டியை எடுத்து வளர்ப்பவர்களுக்கு மட்டும் பால் பவுடர் அவசியம். பசும்பால் அந்த இடத்துக்கு வராது. நாய்ப்பாலில் கொழுப்பு 9 சதவீதம் அளவில் இருக்கும், புரதமும் ஏறக்குறைய அதே அளவு. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம்தான், லாக்டோஸோ நாய்ப்பாலைவிட அதிகம். அதிலும் தண்ணீர் கலந்து கொடுத்தால் வயிறு உப்பும், பேதியாகும், எடை மட்டும் ஏறாது. புட்டியில் கொடுக்கும்போது குட்டியை மனிதக் குழந்தைபோல மல்லாத்திப் பிடிக்காதீர்கள். பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். தாயிடம் குடிப்பதுபோல வயிறு கீழே இருக்க, தலை லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும். புட்டியைப் பிதுக்கவும் கூடாது, குட்டி தானே உறிஞ்சட்டும்.

பெட்டியில் இருக்கும் குட்டிகளுக்கான உலர் உணவு உருப்படியான பொருள். பாக்கெட்டின் பின்னால் 'வளரும் குட்டிகளுக்கான முழுமையான சமச்சீர் உணவு' என்ற பொருளில் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். லாப்ரடார் போன்ற பெரிய இனம் என்றால் பெரிய இனக் குட்டிக்கு என்றே தனியாக வருவதை வாங்குங்கள். வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் பதத்தில் கொடுக்கலாம். மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை. அளவுக்குப் பாக்கெட்டில் உள்ள எடைப் பட்டியல் தொடக்கப் புள்ளி மட்டுமே. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. சிப்பிப்பாறைக்கு இந்தக் கணக்கில் கொஞ்சம் விலக்கு உண்டு, அது பிறவியிலேயே ஒல்லி. கடைசி ஓரிரு விலா தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஊறவைத்த உணவு நம் ஊர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். அரை மணி நேரத்தில் சாப்பிடாத மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகிய உணவில் இருந்து மாற்றுவதானால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள். புதிய வீட்டின் முதல் நாளிலேயே புதிய உணவையும் கொடுத்துவிட்டு, பேதியானதும் மருந்து தேடுவது அடிக்கடி நடக்கிறது.

வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்போம் என்பவர்கள் தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, அதில் வளரும் குட்டிக்குப் போதிய புரதம் இல்லை. குழம்பு ஊற்றிய சோறும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு எதையும் காட்டவே கூடாது.

இனி கால்சியம் சிரப். பெட்டியிலேயே ஆபத்தானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைப் பெருமளவு உறிஞ்சாமல் தள்ளிவிடும். குட்டிக்கு, குறிப்பாக முதல் ஆறு மாதத்தில், அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கொடுத்தது பெரும்பாலும் உள்ளே போய்விடும். முழுமையான உலர் உணவில் தேவையான கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அதன்மேல் சிரப்பையும் ஊற்றினால், வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளில் குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலையே கெடுகிறது. மூட்டு வலி, நொண்டல், கோணிய கால் எல்லாம் அதன் பின்னால் வருகின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு. எலும்பில்லாத கறியும் சோறும் மட்டுமே சாப்பிடும் குட்டிக்குக் கால்சியம் நிஜமாகவே போதாது, முன்கால் வளையும். அந்தக் குட்டிக்குக் கால்சியம் வேண்டும்தான். ஆனால் எந்த வடிவில், எத்தனை மில்லி என்பதைச் சாப்பாட்டையும் எடையையும் பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்ல வேண்டும்.

குட்டி காலைப் பரப்பி நடக்கிறது என்று சிரப் வாங்க ஓடுபவர்கள் முதலில் வீட்டுத் தரையைப் பாருங்கள். டைல்ஸிலும் கிரானைட்டிலும் பாதம் பிடிப்பில்லாமல் வழுக்கினாலும் கால் அப்படித்தான் பரவும். குட்டி நடமாடும் இடத்தில் சாக்கோ ரப்பர் மேட்டோ விரித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அப்படியே நடந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உண்ணிப் பவுடரையும் கடையிலேயே விட்டுவிடலாம். குட்டியின் மேல் தூவிய பவுடர் பாதத்தில் ஒட்டும். பாதத்தைக் குட்டி நக்கும், மருந்து நேரே வயிற்றுக்குள் போகும். அமிட்ராஸ் என்ற உண்ணிமருந்து கலந்த திரவங்களும் நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு ஆகாது. அதற்குப் பதில் 0.25 சதவீத ஃபிப்ரோனில் ஸ்ப்ரே இருக்கிறது. பிறந்து இரண்டு நாளான குட்டிக்கும் அனுமதிக்கப்பட்ட மருந்து அது. கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், முடிக்கு எதிர்த்திசையில் தடவ வேண்டும். முகத்துக்கு நேரே அடிக்காமல் கையுறையில் அடித்துப் பூசுங்கள். காயும்வரை குட்டியை நக்கவிடாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கிடையாது. எட்டு வாரமும் இரண்டு கிலோவும் தாண்டிய குட்டிக்கு மாத்திரைகளும் உண்டு, அவற்றை மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவே பூனையைக் கொன்றுவிடும்.

உண்ணி அதிகம் ஒளிந்திருப்பது காது மடிப்பிலும், விரல் இடுக்கிலும், கழுத்துப்பட்டைக்கு அடியிலும். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், எடுத்ததை ஸ்பிரிட்டில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் விரலில் நசுக்குவதும் வேண்டாம். நாய் உண்ணி முட்டையிடுவது நாயின் மேல் அல்ல, சுவர் வெடிப்பிலும் கதவு நிலை இடுக்கிலும். அந்த இடங்களைச் சுத்தம் செய்யாமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் சில வாரத்தில் மறுபடி ஏறும். ஈறு வெளுத்து, காய்ச்சல் அடித்து, சிறுநீர் காபி நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

ஷாம்பு பரவாயில்லை. நாய்த் தோலின் அமிலத்தன்மை நம் தோலைவிடக் குறைவு, அதனால் நம்முடைய சோப்பு அதற்கு ஒத்துவராது. நாய்க் குட்டிக்கென்று எழுதியிருக்கும் மென்மையான ஷாம்பு போதும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வெயில் ஏறிய பிறகு, வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடத்தில் முடித்து, அடிமுடி வரை துவட்டிவிட வேண்டும். தடுப்பூசி போட்ட நாலைந்து நாளுக்குக் குளியலைத் தள்ளிப்போடுங்கள். குளிக்கும் நீரில் கிருமிநாசினி ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது, குட்டிக்கு அது தோல் எரிச்சல்தான். வாசனைப் பவுடர் தேவையே இல்லை, தும்மலும் அரிப்பும்தான் மிச்சம்.

கம்பிச் சீப்பு ஷிட்ஸு போல நீண்ட முடி உள்ள குட்டிக்குச் சரி. ராஜபாளையம், சிப்பிப்பாறையின் மெல்லிய தோலில் அது கீறும். அவற்றுக்கு ரப்பர் பிரஷ் ஒன்று போதும்.

நகவெட்டியை மனதாரப் பரிந்துரைக்கிறோம், ஆனால் கத்தரிக்கோல் வடிவில் இருந்தால் மட்டும். வளையத்துக்குள் நகத்தை நுழைத்து வெட்டும் வகை கூர் மழுங்கியதும் நகத்தை வெட்டாமல் நசுக்கும், வலி கண்ட குட்டி அடுத்தமுறை பாதத்தைத் தொடவே விடாது. வெள்ளை நகமாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும், அதுதான் ரத்த நாளம். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். கறுப்பு நகத்தில் கோடு தெரியாது. நுனியில் இருந்து மிளகு கனத்துக்கும் குறைவாகச் சீவிச் சீவி வாருங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் ஈரமான கரும்புள்ளி தென்பட்டால் அதற்கு மேல் போகக் கூடாது. தவறி ரத்தம் வந்தால் சோளமாவை அள்ளி நுனியில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் விடாமல் அழுத்துங்கள். முன்காலின் உட்பக்கம் மேலே ஒட்டியிருக்கும் நகத்தை மறந்துவிடாதீர்கள். தரையில் தேயாததால் அது வளைந்து சதைக்குள்ளேயே குத்தும்.

தட்டு எவர்சில்வராக, அடியில் ரப்பர் வளையத்தோடு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கைக் குட்டி கடித்துக் கீறும், கீறலில் அழுக்கு தங்கும். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், கழுத்து வளர்ந்துகொண்டே இருப்பதால் வாராவாரம் பாருங்கள். இரும்புச் சங்கிலி கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மூன்று கிலோக் குட்டியின் கழுத்து அந்தப் பாரத்தைத் தாங்காது. கடிக்கும் எலும்பில் உங்கள் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். தடம் பதியாத அளவு கடினமானது பல்லை உடைக்கும்.

கடைசியாக, பெட்டிக்குள் இல்லாதவை. உங்கள் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். குடற்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடுகிறது, கொக்கிப்புழு பாலிலும் வருகிறது. அதனால் இரண்டாவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை புழுமருந்து. அளவு எடையைப் பொறுத்தது, எனவே பெட்டிப் பணத்தில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினால் வீண் போகாது. ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு.

பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட, குட்டியின் உயிரைப் பறிக்கக்கூடிய வைரஸ் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்குகிறது. தாயிடம் இருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கக்கூடும், அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் பதினாறு வாரம் ஆகும்வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் மறுபடி மறுபடி போடுகிறார்கள். ஒரு ஊசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று தெருவில் இறக்கிவிடுவதுதான் பார்வோவுக்கு வாசல் திறப்பது. அதுவரை வெளியுலகத்தைக் காட்டக் கையில் தூக்கிக்கொண்டு போங்கள். முன்பு பார்வோ வந்த வீடு என்றால் பினாயில் போதாது, கிருமி மாதக்கணக்கில் தரையில் உயிரோடு இருக்கும். அழுக்கைக் கழுவிவிட்டு, சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். குட்டி சாப்பிடாமல் சுருண்டு, வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தப் பேதியுமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம். ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள்.

பெட்டியோடு சேர்த்து 'ஊசியும் நாங்களே போட்டுவிடுகிறோம்' என்று சில கடைகளில் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருந்திருக்க வேண்டும், போடுவதற்கு முன் குட்டிக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். ஊசி போட்டதும் அட்டையைக் கையில் வாங்கி அங்கேயே திறந்து பாருங்கள். மருந்துக் குப்பியில் இருந்து உரித்த ஸ்டிக்கர், அதில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும், பக்கத்தில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். வெறும் தேதி மட்டும் பேனாவால் எழுதிய அட்டையோடு குட்டி வந்திருந்தால், அதை மருத்துவரிடம் காட்டி, முதல் ஊசியில் இருந்தே தொடங்க வேண்டுமா என்று கேளுங்கள்.