வெள்ளிக் கொலுசு வாங்கப் போறீங்களா, எத்தனை டச்னு (நூத்துக்கு எத்தனை பங்கு வெள்ளின்னு) பில்லுல எழுதி வாங்குங்க

என் பொண்ணு பெரியவளானப்ப எங்கம்மா சீர் வச்ச கொலுசு, 118 கிராம், ரெண்டு மாடு வச்சு சொசைட்டிக்கு பால் ஊத்தி சேர்த்த காசு அது. மனசு ஆறாமத்தான் எழுதுறேன், யாராவது ஒருத்தராவது தப்பிச்சா போதும்.

2022ல வாங்குனோம், எங்க ஊர் பஜார்ல எப்பவும் கூட்டமா இருக்க கடைதான். அன்னைக்கு போர்டுல என்ன வெள்ளி ரேட்டோ அதையே மொத்த 118 கிராமுக்கும் போட்டு, மேல செய்கூலியும் போட்டாங்க. எத்தனை டச்னு கேட்டதுக்கு "சுத்த வெள்ளிக்கா, கறுக்கவே கறுக்காது"ன்னாங்க. அப்பவே எனக்கு பொறி தட்டியிருக்கணும், ஏன்னா நல்ல வெள்ளியும் கந்தகம் பட்டா கறுக்கத்தான் செய்யும், அதுவுமில்லாம சுத்த வெள்ளி ரொம்ப மெது, கொஞ்சமாவது செம்பு கலக்காம தினம் போடுற கொலுசு செஞ்சா சீக்கிரம் நெளிஞ்சு போகும்.

போன மாசம் கொலுசு சின்னதாயிடுச்சுன்னு மாத்த வேற கடைக்கு போனேன். டச் பாக்குற மெஷின்ல வச்சாங்க, 92ன்னு காட்டுச்சு, எனக்கு சந்தோஷம். ஆனா அங்க இருந்த பெரியவர் "மெஷின் மேலாப்புலதான்மா பாக்கும், முலாம் போட்டிருந்தா அதைத்தான் சொல்லும், ஒரு இடத்துல ராவி பாக்கட்டுமா"ன்னு கேட்டுட்டு கொக்கிக்கு பக்கத்துல அரம் வச்சு நாலு இழுப்பு இழுத்தார். உள்ள இளஞ்சிவப்பா தெரிஞ்சுது. பத்த வச்ச (உருக்கி ஒட்டுன) இடத்துல அப்படித்தான் இருக்கும்னு அவரே சொல்லி, பத்து வைக்காத இடமா பாத்து இன்னொரு தடவை ராவினார், அங்கயும் அதே நிறம். ராவின இடத்தை மறுபடி மெஷின்ல வச்சா 58. அதாவது 118 கிராம்ல வெள்ளி கிட்டத்தட்ட 68 கிராம்தான், மிச்சம் 50 கிராம் செம்பும் மத்ததும், அந்த அம்பதுக்கும் எங்கம்மா வெள்ளி ரேட்டு குடுத்திருக்காங்க.

வாங்குன கடைக்கு போனா "கொலுசுன்னா அவ்வளவுதான்க்கா டச் வரும், எல்லா கடையிலயும் இதான்"னு சாதாரணமா சொல்றாங்க. சரி, குறைஞ்ச டச் கொலுசு விக்கிறது தப்புன்னு நான் சொல்லவே இல்ல, 58க்கு 58 ரேட்டு போட்டு சொல்லி வித்தா யார் கேக்கப் போறா, விக்கும்போது நூறுக்கு காசு வாங்கிட்டு திருப்பி எடுக்கும்போது மட்டும் டச் பாக்குறது என்ன நியாயம்?

தங்கத்துக்கு 916, ஆறு எழுத்து ஹெச்யூஐடி (நகைக்கு நகை மாறுற அடையாள நம்பர்) எல்லாம் பாத்து பழகிட்டோம், 2023 ஏப்ரல்ல இருந்து அது இல்லாம நகை விக்கக்கூடாதுன்னே ஆயிடுச்சு. வெள்ளிக்கு அப்படி கட்டாயம் கிடையாது, ஹால்மார்க் போடுறது கடைக்காரர் விருப்பம், 2025 செப்டம்பர்ல வெள்ளிக்கும் ஹெச்யூஐடி வந்துச்சு ஆனா அதுவும் விருப்பம்தான். அதனால பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரையோட 925 இல்ல 800ன்னு நம்பர் இருக்கானு பாருங்க (925ன்னா ஆயிரத்துல 925 பங்கு வெள்ளி), ஹெச்யூஐடி இருந்தா பிஐஎஸ் கேர் ஆப்ல அங்கேயே போட்டு பாருங்க. வெறும் 925ன்னு மட்டும் குத்தியிருந்தா நம்பாதீங்க, அதை யார் வேணா குத்தலாம். முத்திரை இல்லாததுதான் பிடிச்சிருக்குன்னா எத்தனை டச், திருப்பி குடுத்தா எந்த கணக்குல எடுப்பீங்கன்னு ரெண்டையும் பில்லுலயே எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க, வெக்கப்படாதீங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணலாம்னு எங்ககிட்ட இருக்க பில்ல தேடி எடுத்தேன். அது பில்லே இல்ல, எஸ்டிமேட்னு போட்ட துண்டுச்சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் இல்ல, டச் இல்ல, "கொலுசு 1 ஜோடி 118.000"ன்னு மட்டும் இருக்கு. அதையே வச்சுக்கிட்டு நாளைக்கு போன் பண்ணப் போறேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.