தலைக்குள் தெருக்களா, கையில் செயலியா?

லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட 'நாலெட்ஜ்' தேர்வில் தேற வேண்டும். 1865-இல் வந்த வழக்கம் இது. நகரின் நடுவிலுள்ள சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் ஏறக்குறைய 25,000 தெருக்கள், 320 தடங்கள் எல்லாமே மனப்பாடமாக வேண்டும். மூன்று நான்கு வருடம் ஸ்கூட்டரில் அலைந்து படிப்பவர்கள் பலர். பிறகு தேர்வாளர் முன் உட்கார்ந்து, தெருத் தெருவாக, திருப்பம் திருப்பமாக வாயாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும்.

வழிகாட்டும் செயலியை வைத்து ஓட்டுபவருக்கு இந்தப் பாடு இல்லை. எங்கே நெரிசல் என்பதும் உடனுக்குடன் தெரியும். அதில் எந்த நினைவாற்றலும் செயலியோடு போட்டியிட முடியாது. ஊருக்குப் புதிதாக வந்தவருக்குப் பிழைப்பும் சீக்கிரம் கிடைக்கிறது. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மூளையின் கதை வேறு. 2000-இல் நரம்பியல் அறிஞர் எலினார் மக்வயர் குழு நடத்திய ஆய்வில், கறுப்பு டாக்ஸிக்காரர்களின் ஹிப்போகேம்பஸின் (நினைவுக்கும் வழியறிதலுக்கும் உதவும் மூளைப் பகுதி) பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. 2011-இல் வந்த ஆய்வு பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தது: தேர்ச்சி பெற்றவர்களிடம் மட்டும் அந்த வளர்ச்சி. படித்த தெருக்கள் மூளையையே மாற்றியிருக்கின்றன!

தெரியாத ஊரில் நான் செயலியைத்தான் திறப்பேன். வாழும் ஊரில் அதை மூடிவைக்கவே விரும்புகிறேன்.