புது கோர் போட்டதாகச் சொன்னால் பழைய கோரைக் கேட்டு வாங்குங்கள்

டிராக்டர், அறுவடை மெஷின், லோடு வண்டி எதுவானாலும் ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புது கோர் (தண்ணீர் ஓடுகிற ட்யூப்களும், சூட்டை ஆற்றுகிற மெல்லிய ஃபின் தகடுகளும் சேர்ந்த ரேடியேட்டரின் நடுப்பகுதி) போட்டதாகச் சொல்லி என்னிடம் 11,000 ரூபாய் வாங்கினார்கள். போட்டுக் கொடுத்தது மஞ்சள் தூள், முட்டை, மேலே ஒரு கோட்டிங் கறுப்புப் பெயின்ட். சம்பா சேற்றுழவு நடக்கும்போது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற சீல்) போய், எஞ்சினைப் பிரித்து, ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, கோரை மறுபடியும் காசு கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. கடைப் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். இந்த வேலை அந்த ஒரு கடையில் மட்டும் நடக்கிற வேலையும் இல்லை.

என் வண்டி 45 எச்பி டிராக்டர். செம்பு கோர், பித்தளை டேங்க் வைத்த பழைய மாடல் ரேடியேட்டர். கோடை முழுக்க வைக்கோல் கட்டுகிற மெஷினோடு ஓடியது. வைக்கோலில் ஓடிய வண்டியின் ரேடியேட்டர் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுணையும் கூளமும் ஃபின்னுக்குள் போய் அப்பிக்கொள்ளும், காற்று அடித்தாலும் முழுக்க வராது. ஆடி கடைசியில் கோரின் அடிப்பக்கம் பச்சை பூத்துச் சொட்ட ஆரம்பித்தது. சம்பாவுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று டவுனில் ஒரு பட்டறையில் விட்டேன்.

பட்டறைக்காரர் பார்த்த உடனே சொன்னார்: "அண்ணே, இது ஈயம் வச்சா நிக்காது. ட்யூபே அரிச்சுப் போயிருக்கு. ஒரு எடத்துல பத்த வச்சா அடுத்த எடத்துல விடும். கோரையே மாத்திடுங்க, அப்புறம் திரும்பிப் பாக்க வேணாம்."

நோயைச் சரியாகத்தான் சொன்னார். மருந்துதான் சமையல்கட்டிலிருந்து வந்தது.

வண்டியை எடுக்கப் போனபோது ரேடியேட்டர் பளபளவென்று கறுப்பாக இருந்தது. பழைய கோர் எங்கே தம்பி என்று கேட்டதற்கு, "அது அப்பவே எடைக்குப் போயிருச்சுண்ணே, பழைய செம்புக்குக் கழிச்சுக்கிட்டுதான் உங்களுக்கு ரேட்டே சொன்னேன்" என்றார். பில் என்று ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'ரேடியேட்டர் வேலை' என்று இரண்டே வார்த்தை. புது கோர் என்றும் இல்லை, செம்பு என்றும் இல்லை. அந்த இரண்டு வார்த்தையை எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது.

ரோட்டில் சும்மா ஓட்டினபோது ஒன்றும் தெரியவில்லை. சேற்றுழவில் அப்படி இல்லை. சேற்றுக்கு மாட்டுகிற இரும்புக் கேஜ் வீல், ரோட்டவேட்டர், எஞ்சின் முழு லோடில், வண்டியோ நடக்கிற வேகத்தில். எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான். ரேடியேட்டரின் லட்சணம் சேற்றில்தான் தெரியும்.

டிரைவர் தம்பி விவரமான ஆள். முள் சிவப்புக்குப் போவதைப் பார்த்து வரப்பில் ஏற்றி நிறுத்தலாம் என்று திருப்பியிருக்கிறான். அதற்குள் முள் தானாக இறங்கிவிட்டது. "எறங்கிருச்சேன்னு மறுபடியும் போட்டேண்ணே" என்றான். இதை எல்லா டிரைவர்களிடமும் சொல்லி வையுங்கள்: சூடு ஏறின வண்டியில் முள் திடீரென்று இறங்கினால் வண்டி ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. தண்ணீர் கொதித்து ஓவர்ஃப்ளோ பைப் வழியாக வெளியே போய்விட்டால், சென்சார் தண்ணீரில் நனையாமல் வெறும் ஆவியில் நிற்கும். தொட்டுப் பார்க்கத் தண்ணீர் இல்லாததால் அது குறைத்துக் காட்டும். முள் இறங்குகிற அந்த நேரத்தில்தான் ஹெட் வெந்துகொண்டிருக்கும். அவன் நிறுத்தியபோது புகை வெள்ளையாக வந்தது, டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது.

எஞ்சின் வேலை ஒரு பக்கம் நடக்க, ரேடியேட்டரை மட்டும் கழற்றித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். அங்கே ரொம்ப காலமாக ரேடியேட்டர் வேலை மட்டும் செய்கிற ஒரு பாய் இருக்கிறார். அவர் முதலில் டேங்கைத் திறக்கவே இல்லை. மேல் வாயில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினார். நல்ல ரேடியேட்டர் என்றால் ஊற்றின வேகத்துக்குக் கீழ் வாய் வழியாகக் கொட்ட வேண்டும். இது தேங்கி நின்று, மூச்சு வாங்கி வாங்கி இறங்கியது. பிறகு கேஸ் டார்ச்சால் ஈயத்தை உருக்கி மேல் டேங்கைத் தூக்கினார். ட்யூப் வாய் பாதிக்கு மேல் மூடியிருந்தது. மெல்லிய பட்டை ராடு ஒன்றை எடுத்து ஒரு ட்யூபில் விட்டுக் குத்தி வெளியே இழுத்தார். அடிப்பிடித்து வற்றின மோர்க்குழம்பு மாதிரி ஒன்று திரண்டு வந்தது. மஞ்சளாக, நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திரிகள், கூடவே துருவும். வேகவைத்த மஞ்சள் வாசனை கடை முழுக்க.

"மொளகு ஒண்ணுதான் போடல" என்றார் பாய்.

அதைவிட முக்கியமானதை அவர் டார்ச் லைட் அடித்துக் காட்டினார். ஃபின்களுக்கு நடுவே வைக்கோல் கூளம் சிக்கியிருந்தது, அந்தக் கூளத்தின் மேலேயே கறுப்புப் பெயின்ட் ஏறியிருந்தது. நகத்தால் கிள்ளினால் பெயின்ட் பூசின பதர் உதிர்ந்தது. புது கோரில் போன கோடையின் கூளம் எப்படி வரும்? அதன் மேல் பெயின்ட் எப்படி வரும்? அடிப்பக்கம் ஒழுகின இடத்தில் எம்சீல் பசையை அப்பி, அதையும் பெயின்டால் மூடியிருந்தார்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

திரும்பப் போய்க் கேட்டபோது பட்டறைக்காரர் அசரவே இல்லை. "மஞ்சத்தூள் நாங்க போடலண்ணே, உங்க டிரைவர்தான் போட்டிருப்பான். ஒழுகுனா அவனுங்க செய்யிற வேலைதானே அது." தவறைச் செய்ததைவிட இது எனக்குக் கூடுதல் ஆத்திரம். தினச் சம்பளத்துக்கு வருகிற பையன் தலையில் பழி. போட்டோவில் பெயின்டுக்குக் கீழே இருக்கிற கூளத்தைக் காட்டினேன். அதற்குப் பதில் இல்லை. கடைசியில் ஒரு கூலன்ட் கேனை எடுத்து வைத்து, "இத வச்சுக்கங்கண்ணே, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். கேனை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், மஞ்சள் தூள் மேல் எனக்குப் பகை இல்லை. ராத்திரி நேரம், நடுவழி, ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை, பக்கத்தில் கடை இல்லை என்றால் அது வண்டியை ஊர் கொண்டுவந்து சேர்க்கும். லாரிக்காரர்கள் காலம் காலமாகச் செய்கிறதுதான். தண்ணீரோடு சுற்றுகிற தூள் ஓட்டை வாயில் போய்ச் சேரும், சூட்டில் அதில் இருக்கிற மாவுச்சத்து ஊதிப் பிசினாகி அடைத்துக்கொள்ளும். முட்டையின் வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் திரள ஆரம்பித்து 80 டிகிரிக்குள் கெட்டியாகிவிடும், எஞ்சின் தண்ணீர் அதைவிடச் சூடு. அதனால் அதுவும் அடைக்கும். சிக்கல் என்னவென்றால் தூளுக்கும் முட்டைக்கும் ஓட்டை எது, ட்யூப் எது என்று தெரியாது. ட்யூபின் உள் அகலமே கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர்தான். ஏற்கெனவே போர் தண்ணீர் ஊற்றி உப்புப் படிந்த ட்யூப் என்றால் அதுவும் இல்லை. ஓட்டையை அடைத்த மிச்சம் அங்கேயும், எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டிலும் போய் உட்காரும். ஊர் வந்து சேர்ந்ததும் தண்ணீரை வடித்து, நன்றாக அலசி, ஒழுங்கான வேலை பார்த்தால் பாதகம் இல்லை. அதையே வேலை என்று பில் போடுவதுதான் மோசடி.

சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. டீசல் டேங்க் ஒழுகினால் சோப்பு சரி, டீசலில் சோப்பு கரையாது. ரேடியேட்டருக்குள் இருப்பது தண்ணீர். அதில் சோப்பு என்ன ஆகும் என்று துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும்.

எம்சீல் சமாசாரம் வேறு. காய்ந்த, சுரண்டிச் சுத்தம் செய்த இடத்தில் வைத்தால் கொஞ்ச நாள் பிடிக்கும். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிற இடத்தில் அப்பினால் மேலோடு ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். செம்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், எம்சீல் அதே அளவுக்கு விரிந்து சுருங்காது. கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் விட்டுப் பெயர்ந்து வரும்.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று உண்டு, யாரும் அதை ஏமாற்று என்றே நினைப்பதில்லை. ஒழுகல் நின்ற மாதிரி காட்ட ரேடியேட்டர் மூடியைத் தளர்த்தி விடுவது, அல்லது ஸ்பிரிங் செத்த பழைய மூடியைப் போடுவது. அழுத்தம் இல்லாவிட்டால் ஒழுகல் குறையும், உண்மைதான். ஆனால் 0.9 (பார் அழுத்தம்) என்று போட்டிருக்கிற மூடி சரியாக வேலை செய்தால்தான் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடி போனால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். பட்டறையிலிருந்து எனக்குத் திரும்பி வந்த வண்டியில் மூடியின் ரப்பர் வாஷரையே காணோம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டு "இனி சூடே ஏறாது" என்கிறவர்களும் இதே ரகம்தான். காலையில் எஞ்சின் சூடாக நேரமாகும், டீசல் கூடுதலாகத் தின்னும்.

பிளாஸ்டிக் டேங்க், அலுமினிய கோர் வைத்த புது வண்டிக்காரர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது, பிளாஸ்டிக்கில் ஈயத்துக்கு வேலையே இல்லை. "பத்த வச்சுட்டேன்" என்று யாராவது சொன்னால் என்னத்தை வைத்துப் பற்றவைத்தீர்கள் என்று கேளுங்கள்.

கோர் மாற்றக் கொடுத்தால், வண்டியில் மாட்டுவதற்கு முன்னால், பெயின்ட் அடிப்பதற்கும் முன்னால் கூப்பிடச் சொல்லுங்கள். புது செம்பு சிவப்பாக இருக்கும், மறைக்க முடியாது. தொட்டியில் முக்கிக் காற்றுக் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண்முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். யோக்கியமான பட்டறைக்காரர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார், பாய் நான் கேட்காமலே முக்கிக் காட்டினார். பழைய கோரை வாங்கிக்கொள்ளுங்கள், எடைக்குப் போடுவதானால் நீங்களே போடுங்கள். பில்லில் 'புது செம்பு கோர்' என்று எழுதி வண்டி நம்பரையும் போடச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. டிராக்டர் வியாபாரத்துக்கு ஓடுவது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கும். சொந்தப் பிழைப்புக்குச் சுயதொழிலாக ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. என் துண்டுச் சீட்டு பலவீனமானது, தெரியும். அதனால்தான் போட்டோவையும், கழற்றின இடத்தில் பாய் எழுதிக் கொடுத்ததையும், பெயின்ட் பூசின கூளத்தை ஒரு கவரில் போட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், என்னிடம் இருக்கிற நல்ல சாட்சி அதுதான்.

உங்கள் வண்டியில் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், வண்டி நன்றாக ஆறின பிறகு மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். சூட்டில் திறந்து முகம் வெந்தவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். வழவழவென்று மஞ்சளாகவோ, சாம்பல் நிறத்திலோ ஒட்டினால் அதன் மேல் கூலன்ட் ஊற்றிக் காசை வீணாக்க வேண்டாம். மூடி திறந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பாருங்கள், விடாமல் குமிழி வந்துகொண்டிருந்தால் கோளாறு ஹெட் கேஸ்கட் வரை போய்விட்டது, ரேடியேட்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. குமிழி இல்லையென்றால் ரேடியேட்டரைக் கழற்றிக் கீழ் வாய் வழியாகத் தண்ணீர் கொடுத்து மேல் வாயில் வெளியேற்றி அலசச் சொல்லுங்கள். அதோடு ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பாடி (தண்ணீர் பம்ப்) மூன்றையும் திறந்து துடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே தங்கியிருக்கிற மஞ்சள், புது கோர் போட்ட முதல் நாளே அதற்குள் போய்ச் சேரும்.