பழைய கன்சோல், புதிய டிவி: ஆர்ஜிபி கேபிளும் ஓஎஸ்எஸ்சியும் நீண்ட நாள் ஓட்டத்தில்

சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் மூன்றையும் இன்றைய தட்டை டிவியில் ஓட்டினால் படம் இரண்டு இடங்களில் கெடுகிறது. ஒன்று, கன்சோலை விட்டு வெளியே வரும் கேபிள். மற்றது, அந்தச் சிக்னலை டிவி புரிந்துகொள்ளும் விதம். பலரும் இரண்டாவதற்குத்தான் முதலில் செலவு செய்கிறார்கள். விலை கூடிய ஸ்கேலரை (ஓஎஸ்எஸ்சிபோல, பழைய சிக்னலைப் புதிய டிவிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) வாங்கி, கன்சோலோடு வந்த மஞ்சள் கேபிளையே அதில் செருகுகிறார்கள். மஞ்சள் கேபிளில் தொலைந்த விவரத்தை எந்த ஸ்கேலராலும் மீட்க முடியாது. முதல் பணம் கேபிளுக்குத்தான் போக வேண்டும்.

அந்த மஞ்சள் கேபிள், அதாவது காம்போசிட், வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புகிறது. டிவி அவற்றைப் பிரிக்கப் பார்த்து பாதியில் தோற்கிறது. சிவப்பு எழுத்தின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் எறும்பு ஊர்வதுபோலப் புள்ளிகள் நகர்வது தெரியும். மெகா டிரைவில் இது இன்னும் மோசம்: நெருக்கமான கோடுகள் உள்ள இடமெல்லாம் வானவில் பட்டைகள் செங்குத்தாக ஓடும். எஸ்-வீடியோ வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் தருவதால் எறும்பு போய்விடும், நிறத்தின் கூர்மை மட்டும் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆர்ஜிபியில் சிவப்பு, பச்சை, நீலம், ஒத்திசைவு (ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் சிக்னல்) என நான்கும் தனித்தனியாக வருகின்றன. மேலே சொன்ன மூன்று கன்சோல்களிலும் ஆர்ஜிபி பிறவியிலேயே உண்டு, விதிவிலக்கு ஒன்றைக் கீழே சொல்கிறேன். உள்ளே திறந்து சால்டர் வைக்க வேண்டியதில்லை, சரியான ஸ்கார்ட் கேபிள், அதாவது ஐரோப்பிய டிவிகளின் 21 பின் இணைப்புக் கேபிள், போதும். இந்தியாவில் விற்ற டிவிகளில் ஸ்கார்ட் பொதுவாக இல்லை என்பதால் அந்தக் கேபிள் நேராக ஸ்கேலருக்குத்தான் போகும்.

'சரியான' என்ற சொல்லில்தான் சிக்கல் எல்லாம். சூப்பர் நின்டெண்டோவின் என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) மாடலுக்கு, மூன்று நிறக் கம்பிகளிலும் தலா 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் தொடராக இருக்க வேண்டும். பிஏஎல் (ஐரோப்பிய, இந்திய டிவி முறை) மாடலுக்குக் கெப்பாசிட்டர் வேண்டாம். அதற்குப் பதில் ஒவ்வொரு நிறக் கம்பியிலிருந்தும் கிரவுண்டுக்கு 75 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். கேபிளை மாற்றிப் போட்டால், பிஏஎல் மாடலில் படம் வெளுத்துப்போகும், என்டிஎஸ்சி மாடலில் மங்கும். அதைவிட ஆபத்தான வித்தியாசம் மூன்றாம் பின்னில் இருக்கிறது. என்டிஎஸ்சி மாடலில் அங்கே தூய ஒத்திசைவு, அதாவது சி-சிங்க், வருகிறது. பிஏஎல் மாடலில் அதே பின்னில் 12 வோல்ட் வருகிறது. சி-சிங்குக்காகச் செய்த கேபிளை பிஏஎல் கன்சோலில் செருகினால் அந்த 12 வோல்ட் நேராக ஸ்கேலரின் ஒத்திசைவு உள்ளீட்டுக்குள் போகும். ஸ்கேலர் சேதமாக இது ஒன்றே போதும். கேபிள் வாங்கும்போது கன்சோலின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள், 'எஸ்என்இஎஸ் கேபிள்' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஜப்பானிய 21 பின் கேபிளும் ஐரோப்பிய ஸ்கார்ட்டும் பார்வைக்கு ஒன்றுதான், உள்ளே பின் வரிசை வேறு. அவற்றையும் கலக்கக் கூடாது.

விதிவிலக்கு இதுதான்: 1997-ல் வந்த சிறிய சூப்பர் நின்டெண்டோ, எஸ்என்எஸ்-101. உள்ளே இருக்கும் ஒற்றைச் சிப் பழைய இரட்டைச் சிப் போர்டுகளைவிடக் கூர்மையான படம் தரும். ஆனால் ஆர்ஜிபியையும் எஸ்-வீடியோவையும் வெளியே கொண்டுவரும் இணைப்பை விட்டுவிட்டார்கள், அதற்கு மட்டும் உள்வேலை தேவை. பழைய போர்டுகளில் படம் கொஞ்சம் மென்மையாகவும், திரையின் நடுவில் மெல்லிய வெளிர் கோடு ஒன்று செங்குத்தாகவும் தெரியும். அது கேபிளின் குறை இல்லை, கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

மெகா டிரைவில் முதல் மாடலின் 8 பின் வட்ட சாக்கெட்டில் ஒலி மோனோதான். ஸ்டீரியோ வேண்டுமானால் முன்பக்க ஹெட்ஃபோன் துளைக்குப் போகும் கூடுதல் முனை கேபிளில் இருக்க வேண்டும். இரண்டாம் மாடலின் 9 பின் சாக்கெட்டில் ஸ்டீரியோ அங்கேயே உண்டு. அடாப்டரின் முனையும் மாறுகிறது: முதல் மாடல் நடுவில் நெகட்டிவ், இரண்டாம் மாடல் நடுவில் பாசிட்டிவ். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் அடாப்டரை நம் 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் அன்றோடு அது முடிந்தது. இன்னொரு விஷயம், மெகா டிரைவ் ஓவியர்கள் பலர் காம்போசிட்டின் மங்கலை நம்பியே வரைந்தார்கள். சோனிக்கின் முதல் ஆட்டத்தில் அருவி ஆர்ஜிபியில் தனித்தனிச் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும், காம்போசிட்டில் அவை கலந்து ஊடுருவிப் பார்க்கக்கூடிய நீராகும். கூர்மை என்றால் இதையும் சேர்த்துத்தான்.

ஒத்திசைவு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதும் படத்தில் தெரியும். மலிவுக் கேபிள்கள் காம்போசிட் படத்தையே ஒத்திசைவாக அனுப்புகின்றன. அந்தக் கம்பி பக்கத்து நிறக் கம்பிகளில் கசிந்தால், ஒரே நிறப் பரப்பில் சதுரங்கக் கட்டம்போல நுண்ணிய இரைச்சல் படரும். ஒலியிலும் கசியும்: திரை முழுதும் வெள்ளையாகும் கணத்தில் ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்' என்ற ரீங்காரம் ஏறி, கறுத்ததும் இறங்கினால் குற்றவாளி கேபிள்தான். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி ஷீல்டு உள்ள கேபிளில் இரண்டும் போய்விடும். பிளேஸ்டேஷனுக்கு லூமாவிலிருந்து, அதாவது வெளிச்சக் கம்பியிலிருந்து, ஒத்திசைவு எடுக்கும் கேபிள் நல்ல தேர்வு.

இனி டிவி பக்கம். இந்தக் கன்சோல்களின் என்டிஎஸ்சி மாடல்கள் ஏறத்தாழ 262 கோடுகளை நொடிக்கு 60 முறை, இடைவிட்டு வரையாமல் அனுப்புகின்றன. இதைத்தான் 240பி என்கிறோம். பல டிவிகள் இதை 480ஐ, அதாவது இடைவிட்டு வரையும் படம், என்று தவறாக எண்ணி, இரண்டு ஃபிரேம்களை ஒன்றாகக் கோர்க்க முயலும். படம் சீப்புப் பல்லாகப் பிரியும், பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே தாமதம் கூடும். ஆர்ட்டெமியோ உர்பினாவின் '240பி டெஸ்ட் சூட்' என்ற இலவச மென்பொருள் இதை ஒரே நிமிடத்தில் காட்டிவிடும். அதில் நிழல் சோதனையைத் திறந்தால் உருவத்தின் நிழல் ஒரு ஃபிரேமில் தோன்றி அடுத்ததில் மறையும். நன்றாகக் கையாளும் டிவியில் நிழல் சீராகப் படபடக்கும். 480ஐ என்று எண்ணும் டிவியில் நிழல் அடியோடு காணாமல் போகும், அல்லது கோடு கோடாக உறைந்து நிற்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டிகள் பலவும் இதே தவறைச் செய்கின்றன, கூடவே படத்தைப் 16:9-க்கு இழுத்தும் விடுகின்றன. அவை வேண்டவே வேண்டாம்.

ஓஎஸ்எஸ்சியின் பலம், அது ஃபிரேமைச் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு கோட்டையும் வந்தவுடன் இரண்டு முதல் ஐந்து மடங்காக்கி அனுப்பிவிடும், தாமதம் சில கோடுகளின் அளவுதான். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் கிடைக்கும் படம் அதன் முழுத்திறன் இல்லை. பொதுவான 4:3 முறையில் சில பிக்சல்கள் அகலமாகவும் சில ஒடுக்கமாகவும் இருக்கும், பக்கவாட்டில் நகரும்போது பின்னணி நெளியும். சூப்பர் நின்டெண்டோ ஒரு கோட்டுக்கு 341 பிக்சல் அளவு நேரம் எடுக்கிறது, அதில் 256 திரைக்கு வருகின்றன. 256 × 240 முறையைத் தேர்ந்து இந்தக் கணக்கோடு ஒத்துவரச் செய்தால் ஒவ்வொரு பிக்சலும் ஒரே அகலமாகும். பிறகு சாம்ப்ளிங் ஃபேஸ், அதாவது ஒவ்வொரு பிக்சலையும் எந்தக் கணத்தில் அளப்பது என்பது. டெஸ்ட் சூட்டில் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் உள்ள செங்குத்துக் கோடுகளைத் திறந்து, ஃபேஸை ஒவ்வொரு படியாக நகர்த்துங்கள். மொத்தம் 32 படிகள். தவறான படியில் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகி நடுங்கும், சரியான இடம் வந்ததும் ஒவ்வொரு கோடும் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். பெரும்பாலும் அடுத்தடுத்த சில படிகள் நன்றாக இருக்கும், அவற்றின் நடுப்படியை வைத்துச் சேமியுங்கள். ஓரப்படியில் வைத்தால் கன்சோல் சூடானதும் சாம்பல் திரும்பிவிடும். மெகா டிரைவில் 256, 320 என ஆட்டத்துக்கு ஆட்டம் அகலம் மாறுவதால் இரண்டு புரொஃபைல்கள் வேண்டும்.

ஓஎஸ்எஸ்சிக்குக் குறைகளும் உண்டு. என்டிஎஸ்சி சூப்பர் நின்டெண்டோவின் வேகம் நொடிக்கு 60 அல்ல, 60.0988. ஐந்து மடங்கில் சில டிவிகள் இதை ஏற்காமல் கறுத்துவிடும். அப்போது மூன்று அல்லது நான்கு மடங்குக்கு இறங்கிப் பாருங்கள். பிளேஸ்டேஷனில் குரோனோ கிராஸ் போன்ற ஆட்டங்கள் மெனுவைத் திறக்கும்போதெல்லாம் 240பி-யிலிருந்து 480ஐ-க்குத் தாவுகின்றன. ஒவ்வொரு தாவலிலும் டிவி சிக்னலை இழந்து மீண்டும் பிடிக்கும், 480ஐ காட்சி படபடக்கும். இப்படிப்பட்ட ஆட்டங்களே அதிகம் என்றால் ரெட்ரோடிங்க் 5எக்ஸ் என்ற ஸ்கேலருக்குக் கூடுதல் பணம் தருவதில் அர்த்தம் இருக்கிறது. அது ஃபிரேமைச் சேமித்து வெளியீட்டைத் தொடர்ந்து ஓட்டுவதால் தாவல் கண்ணை உறுத்தாது, 480ஐ-யும் அமைதியாக நிற்கும். அதில் எஸ்-வீடியோ உள்ளீடும் உண்டு, ஆர்ஜிபி இல்லாத என்டிஎஸ்சி நின்டெண்டோ 64-க்கு அது வசதி. 1080 கோடு டிவியில் 240-ஐ நான்கு மடங்காக்கினால் 960, மேலும் கீழும் கறுப்புப் பட்டை. ஐந்து மடங்காக்கினால் 1200, ஓரம் வெட்டுப்பட்டு 216 கோடுகள் தெரியும். 224 கோடு வரையும் ஆட்டங்களில் இழப்பு மேலே நான்கு, கீழே நான்கு மட்டுமே, ஆகவே ஐந்து மடங்கே நல்லது. ஸ்கோர் விளிம்பில் ஒட்டி நிற்கும் ஆட்டங்களுக்கு மட்டும் நான்கு.

டிவியில் கேம் மோடைப் போட்டு, ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்கு இறக்கி, ஓவர்ஸ்கேனை அணைத்தால் போதும்.

நாள்பட ஓட்டினால் முதலில் களைப்பது ஸ்கேலர் அல்ல, இணைப்புகள். ஸ்கார்ட் முனை கனமானது. ஓஎஸ்எஸ்சி போன்ற இலேசான பெட்டியை மேசை ஓரத்தில் வைத்தால் கேபிளின் எடையிலேயே முனை மெல்லச் சரியும். ஒரு நாள் திரை மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினால் நிறக் கம்பிகளில் ஒன்று தொடர்பை இழந்திருக்கிறது. படம் இளஞ்சிவப்பானால் பச்சை போயிற்று, 11-ஆம் பின்னைப் பாருங்கள். மஞ்சளானால் நீலம், 7-ஆம் பின். வெளிர்நீலமானால் சிவப்பு, 15-ஆம் பின். கன்சோலை அணைத்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இருபக்கமும் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு செருகுங்கள். கேபிளின் பாரம் முனையில் விழாதபடி மேசைக் காலோடு ஒரு பட்டையால் கட்டிவிட்டால் அந்தச் சரிவு நின்றுவிடும்.