செத்தது ரப்பர், ஜிபிஎஸ் அல்ல

பெங்களூர் அலசூர் நண்பர் ஒருவர், மலையேறும்போது கையில் வைத்துக்கொள்ளும் தன் ஜிபிஎஸ் கருவியைப் பற்றிக் கேட்கிறார்: "ஏழு வருஷம் ஆச்சு, ரப்பர் கழண்டு தொங்குது. இனிமே புதுசுதான். எந்த ஜிபிஎஸ் வாங்கலாம்னு சொல்லுங்க."

வாங்குவது இருக்கட்டும். முதலில் அந்த ரப்பரைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் கையடக்க ஜிபிஎஸ்ஸில் ஜிபிஎஸ் கெட்டுப்போவது அபூர்வம். பாறையில் விழுந்ததும் மழையில் ஊறியதும்கூடப் பல வருடம் கழித்து நந்தி மலை உச்சியில் சரியான இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குள் அதைச் சுற்றி ஒட்டிய சின்ன ரப்பர் பட்டை நாய் மென்ற செருப்பு மாதிரி ஆகியிருக்கும். கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டு ஏஏ செல், பக்கவாட்டில் பொத்தான், பின்னால் மினி யூஎஸ்பி என்று எது வைத்திருந்தாலும் இந்த நோய் பழக்கமாகத்தான் இருக்கும்.

அந்தப் பட்டை உடம்போடு சேர்த்து வார்த்ததில்லை, மெல்லிய பசை ஃபிலிமில் ஒட்டியது. கார் டாஷ்போர்டில் வெயிலில் கிடந்தால் பசை இளகும், பட்டை நகரும். அதோடு கையிலிருக்கும் வியர்வை, சன்ஸ்கிரீன். மழைக்காலத்தில் குமார பர்வதம், குதுரேமுக் பக்கம் போகிறவர்கள் அட்டைக்குப் பயந்து காலில் வேப்பெண்ணெய் தேய்ப்பார்கள், அதே கையால் ஜிபிஎஸ்ஸை எடுப்பார்கள். எண்ணெய் குடித்த ரப்பர் ஊதும். டீட் என்ற ரசாயனம் கலந்த பூச்சி விரட்டி அதைவிட மோசம். பிளாஸ்டிக்கையே கரைக்கும், திரையில் பட்டால் அந்த இடம் மங்கிப்போகும். ஊதிய பட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டு ஒரு மூலையில் வில்லாக வளைந்து நிற்கும். பொத்தான் என்று நாம் அழுத்துவதும் அதே ரப்பரைத்தான். பட்டை நகர்ந்துவிட்டால் ஜூம் அழுத்தினால் மெனு திறக்கும், இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது.

சர்வீஸுக்குக் கொடுத்தால் பட்டை மட்டும் தனியாக வராது, முழுக் கருவியையும் மாற்றித் தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள் என்பார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வீட்டிலேயே ஒட்டலாம். செல்லைக் கழற்றிவிட்டுப் பட்டையை முழுசாக உரித்துவிடுங்கள். பாதி உரித்து உள்ளே பசை தடவுவது வீண் வேலை. பட்டையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி இரண்டு நாள் நிழலில் போட்டால் ஊதல் கொஞ்சம் வற்றும். உடம்பில் இருக்கும் கறுப்புப் பிசினை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஊறவைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் கிட்டவே வரக்கூடாது. ஃபெவிக்விக்கும் கூடாது: காய்ந்ததும் விறைத்து, ரப்பர் வளையும்போது உடையும், அதன் ஆவி திரையில் வெள்ளையாகப் படியும். செருப்புத் தைக்கிறவர் போடுகிற ரப்பர் பசை, ஃபெவிபாண்ட் வகை, அதுதான் சரி. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம் போல விட்டு, பிறகு சேர்த்து அழுத்துங்கள். பொத்தான்களைச் சுற்றி 3 மில்லிமீட்டருக்குப் பசையே இருக்கக்கூடாது. பொத்தான் இருக்கும் பக்கத்தில் தொடங்குங்கள், மிஞ்சும் நீளம் அடிப்பக்கம் போய்ச் சேரட்டும். நீளத்தை வெட்டாதீர்கள், ஊதல் வற்றினால் அப்புறம் எட்டாது. பழைய சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மாட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

ஒருமுறை உரித்த கருவியில் ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருப்பதை, அதாவது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்பதை, இனி நம்ப வேண்டாம். ஜிப்லாக் கவரில் போடுங்கள். பிளாஸ்டிக் சிக்னலைத் தடுக்காது.

கெடாததைக் கெட்டது என்று நினைத்து மாற்றுகிறவர்களும் உண்டு. கிருஷ்ணகிரி பக்கம் போனால் இடத்தைச் சொல்லும் எண் தாறுமாறாகக் குதிக்கிறது என்பது ஒரு புகார். பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் யூடிஎம் முறையில் பெங்களூரும் ஓசூரும் 43ஆம் மண்டலம். 78 பாகை தீர்க்கரேகையைத் தாண்டினால் 44. கோட்டைக் கடக்கும் இடத்தில் கிழக்குத் தூரம் 826 கிலோமீட்டர் சொச்சத்திலிருந்து 174க்கு விழும். கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது. சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய தாளோடு ஒப்பிட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டுகிறது என்பது இன்னொன்று. இடத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் பூமி அளவுக்கு டேட்டம் என்று பெயர். அந்தத் தாள்கள் எவரெஸ்ட் டேட்டம், கருவி டபிள்யூஜிஎஸ்84. மெனுவில் டேட்டத்தை மாற்றினால் தீர்ந்தது.

தேதி பத்தொன்பது வருடம் பின்னால் போய்விட்டால் அது நிஜக் குறை. ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டில் திரும்பியது, 2019 ஏப்ரலில் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பர். அதற்கென மென்பொருள் புதுப்பிப்பு வராத பழைய கருவி இடத்தைச் சரியாகவும் தேதியைத் தப்பாகவும் சொல்லும். நடப்பதற்கு இடைஞ்சல் இல்லை. புகைப்படங்களை டிராக்கோடு, அதாவது நடந்த வழியின் பதிவோடு, பொருத்துகிற வேலை மட்டும் நாசம். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் திறந்தவெளியில் சிக்னல் பிடித்த பிறகு தேதியைப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மாற்றியே தீருவேன் என்றால், முதலில் கழிக்க வேண்டியவை பெயரின் கடைசியில் ஆங்கில 'ஐ' எழுத்து வருகிற கார்மின் கம்பெனி மாடல்கள்: ஜிபிஎஸ்மேப் 66ஐ, 67ஐ, மோன்டானா 700ஐ. இவற்றில் இரிடியம் சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இதை வைத்திருப்பது குற்றம். விமான நிலையப் பரிசோதனையில் மாட்டி வழக்கானவர்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் மாமா வாங்கி வருகிறேன் என்றால் மாடல் எண்ணை முழுசாக எழுதிக் கொடுங்கள்.

ஐ இல்லாத 67 நல்ல கருவி. 180 மணி நேரம் ஓடும் என்கிறார்கள், இரண்டு அலைவரிசை, யூஎஸ்பி சி. ஆனால் பேட்டரி உள்ளேயே. ஏழெட்டு வருடம் வைத்திருக்கப்போகிற பொருளில் கழற்ற முடியாத லித்தியம் பேட்டரி என்றால், ரப்பரோடு சேர்த்து இன்னொரு சாகிற உறுப்பையும் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று அர்த்தம். முழு சார்ஜில் அலமாரியில் கிடந்தாலே அதற்கு வயசாகும். ஏஏ செல்லுக்கு அந்தக் கவலை கிடையாது. தீர்த்தஹள்ளி பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

ஏஏ என்றால் எனிலூப் மாதிரி ரீசார்ஜ் செல், 1900 எம்ஏஎச்சுக்குக் குறையாமல். மெனுவில் பேட்டரி வகையை ரீசார்ஜ் செல்லுக்கான என்ஐஎம்எச் என்று மாற்ற மறந்தால், 1.2 வோல்ட்டைப் பார்த்துவிட்டுப் பாதி வழியிலேயே 'பேட்டரி குறைவு' என்று அலறும். ஒரு எரிச்சல் உண்டு. பைக் ஹேண்டில்பாரில் மாட்டி மண் சாலையில் போனால் சில நேரம் தானாக அணைந்துவிடும். சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள். செல் ஒரு நூலளவு ஒல்லி, அதிர்வில் ஸ்பிரிங்கிலிருந்து கணநேரம் விலகுகிறது. செல்லின் இடுப்பில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் இழுத்துவிட்டால் நின்றுவிடும். இரண்டு சுற்றுச் சுற்றினால் செல் வெளியே வராது.

போன் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நந்தி மலைக்குப் போதும். நசநசவென்ற மழையில், ஈர விரலோடு, உச்சி வெயிலில் போதாது. இந்தக் கருவிகளின் திரை வெயில் படப் படத் தெளியும், விளக்கே வேண்டாம்.

கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் இரண்டும் 2019 மாடல். 2.2 அங்குலத் திரை, 25 மணி நேரம், மைக்ரோ எஸ்டி கார்டு. 32எக்ஸில் மூன்று அச்சு திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் கூடுதல். திசைகாட்டி இல்லாத 22எக்ஸில் அம்புக்குறி நடந்தால்தான் திரும்பும். மூன்று பாதை பிரியும் இடத்தில் நின்றுகொண்டு பார்த்தால் பிரயோஜனம் இல்லை. ஈட்ரெக்ஸ் எஸ்இ இரண்டு ஏஏ செல்லில் 168 மணி நேரம் போகும், ஆனால் திரையில் வரைபடமே கிடையாது. அது வேறு ஜாதி, விட்டுவிடலாம்.

உயரமானியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாங்கும்போது யாரும் கேட்காத, வாங்கிய பிறகு விட மனசில்லாத சமாச்சாரம் இது. நம் பக்கத்தில் காற்றழுத்தம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு மணி வாக்கில் பள்ளம், வித்தியாசம் மூன்று நான்கு மில்லிபார். நம் உயரத்தில் ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய 9 மீட்டர். அசையாமல் டென்டில் கிடக்கும் கருவி மாலைக்குள் முப்பது மீட்டர் 'ஏறியிருக்கும்'. இதையும் பழுது என்று கொண்டுபோகிறார்கள். கிளம்பும்போது தெரிந்த உயரத்தை ஊட்டுங்கள்; ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் கடல் மட்ட உயரத்தைவிடச் சுலபமானது கிடையாது. பிறகு அழுத்த வரைபடத்தைப் பாருங்கள். நாலு மணிக்குப் பிறகு ஏற வேண்டிய கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தால் டென்டைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டுவது நல்லது.

துல்லியம்தான் முக்கியம் என்றால் ஜிபிஎஸ்மேப் 65எஸ். 2020இல் வந்தது, இரண்டு ஏஏ செல், 16 மணி நேரம். சாட்டிலைட்டுகள் பேசும் எல்1, எல்5 இரண்டு அலைவரிசையையும் கேட்கும். சாவன்துர்கா பாறைச் சுவரை ஒட்டி நடக்கும்போது சிக்னல் பாறையில் மோதித் திரும்பி வரும். ஒற்றை அலைவரிசைக் கருவி அந்தத் தாமதத்தைத் தூரம் என்று எண்ணிக்கொண்டு டிராக்கைக் கோணல்மாணலாக இழுக்கும். எல்5 இருந்தால் அது வெகுவாகக் குறையும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சுருள் ஆன்டெனாவும் அடர்ந்த காட்டில் கைகொடுக்கும். ஆனால் அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஈட்ரெக்ஸின் தட்டை ஆன்டெனாவுக்கு வானம் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். தோள்பட்டையில் மாட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசமே பெரிசு.

இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் சாட்டிலைட்டுகளான நாவிக்கைக் கேட்கும் என்ற லேபிளுக்காகத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01க்கு முந்தைய நாவிக் கோள்கள் எல்1இல் பேசுவதே இல்லை, எல்5இலும் எஸ் பேண்டிலும்தான். ஜிபிஎஸ்ஸுக்குத் திருத்தம் அனுப்பும் இந்தியச் சேவையான ககன் விஷயம் வேறு, அது எல்1இலேயே வருவதால் பழைய கருவியும் கேட்கும். வாஸ் என்று மெனுவில் இருப்பதை ஆன் செய்துவிட்டு சாட்டிலைட் திரையில் 40, 41 என்ற எண்களைத் தேடுங்கள். அவை எழுந்து மற்றச் சிக்னல் கம்பங்களில் 'டி' எழுத்து வந்தால் திருத்தம் கிடைக்கிறது என்று அர்த்தம். திறந்த பாறையில் வரும். மரத்தடியில் எதிர்பார்க்காதீர்கள்.

வரைபடம் வாங்க வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்த இலவசக் கோப்பை எஸ்டி கார்டில் 'கார்மின்' ஃபோல்டருக்குள் போட்டால் போதும். கார்டு 32 ஜிபிக்குள், எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருக்கட்டும். கார்டை வெளியே எடுத்து ரீடரில் செருகி நகலெடுங்கள்; கேபிள் வழியாகப் போட்டால் சாயங்காலம் ஆகிவிடும்.

கணக்குப் போட்டால் 65எஸ்தான். துல்லியம், ஆன்டெனா, பெரிய திரை எல்லாம் அதன் பக்கம். இருந்தும் 32எக்ஸ் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதிலும் சுற்றுப்பட்டை ரப்பர்தான், மினி யூஎஸ்பிதான், இவ்வளவு நேரம் திட்டிய அதே சங்கதிகள்தான். ஆனால் சட்டைப் பையில் போகும், செல் 25 மணி நேரம் வரும், பாதை பிரியுமிடத்தில் நின்றுகொண்டே திசை சொல்லும். கோணல் டிராக்கை வீட்டில் உட்கார்ந்து நேராக்கிக்கொள்ளலாம். ரப்பர் உரியும், அப்போது மேலே சொன்னபடி ஒட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கும் அன்றே பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் மினி யூஎஸ்பி கேபிள் இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் இப்போதே அடி டிராயரைத் துழாவித்தான் தருகிறார். கருவியைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். டிரைவாகத் தெரியாமல் கருவி ஆன் ஆக மட்டும் செய்தால் அது சார்ஜ் கேபிள், அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.