காயலான் கடைக்குப் போகாத மடிக்கணினி

என் 2015 மடிக்கணினியைப் பார்த்து, "காயலான் கடையில் போடுங்கள், அண்ணே" என்று லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்தும் கூட்டாளிகள் இருபது ஆண்டு உரிமையில் கேலி செய்தார்கள். பிடிவாதமாக, கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவுக்குத் தூக்கிப் போனேன். மேல்மாடி மூலையில் பொட்டிக்கடை அளவுக்கு ஓர் இடம். கடைத் தம்பி அடிமூடியைக் கழற்றினான்; பேட்டரி அப்பம்போல் உப்பி, டச்பேடை முட்டிக்கொண்டிருந்தது. விசிறித் தூசியைப் பழைய பல்துலக்கியால் எடுத்தான். புது பேட்டரி, எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம், கூலி எல்லாம் 280 வெள்ளி (ரிங்கிட்). ரசீது கேட்டால்தான் முகம் சுளிக்கிறான். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10 ஆதரவு நின்றுவிட்டதே, அதனால் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டுக்கொண்டேன், பறக்கிறது. கேலி செய்தவர்களில் ஒருவர் நேற்று தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்தபடி, "அந்தக் கடை எந்த மாடி?" என்றார். இன்னும் சொல்லவில்லை.