மருந்துக்கடை கர்ப்பப் பரிசோதனை அட்டை: பதின்வயதுக்கு எவ்வளவு நம்பலாம்?

விலை குறைவு, மருத்துவர் சீட்டும் வேண்டாம், நல்ல பொருள்தான். காலையில் முதலில் போகும் சிறுநீரில் 3 சொட்டு, 5 நிமிடம், அவ்வளவே. இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தாலும் கர்ப்பம் என்றே கொள்ளுங்கள். அரை மணி கழித்துத் தெரியும் கோடு கணக்கில் சேராது.

சிக்கல், ஒரே கோடு விழும்போதுதான். பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்காக வராது. நாள் தள்ளியதா என்றே தெரியாமல் சீக்கிரம் சோதித்தால் அட்டை கண்டறியும் கர்ப்ப ஹார்மோன் சிறுநீரில் போதாமல் ‘இல்லை’ என்று காட்டிவிடும். நிறையத் தண்ணீர் குடித்திருந்தாலும் அப்படித்தான். உறவு நடந்து 3 வாரம் கழித்துச் சோதித்தால் நம்பலாம்.

எத்தனை வாரக் கரு என்பதை அட்டை சொல்லாது, ஸ்கேன்தான் சொல்லும். அது முக்கியம்: 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தியச் சட்டம் 24 வாரம்வரை கருக்கலைப்பை அனுமதிக்கிறது. சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், 18 வயதுக்குட்பட்டவருடனான உறவு குற்றம் என்பதால் மருத்துவர் போலீசுக்குத் தரவேண்டிய தகவலில் சிறுமியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது.